நிறுவனத்தின் கதையை யார் எழுதுவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்கிறது. தயாரிப்புப் பிரிவு வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் இவ்விரண்டிலும் சேராத ஒன்றைச் சொல்லிப் புதியவர்களை அழைத்து வருகிறார்கள். நாம் எங்கிருந்து வந்தோம், யாருக்காக உழைக்கிறோம், அடுத்து எதைச் செய்யப்போகிறோம், எதைச் செய்யாமல் விடப்போகிறோம் என்னும் கதை தலைவரின் மனத்திலேயே தங்கிவிட்டால் எந்த நிறுவனத்திலும் இந்த நிலை வரும். அக்கதையை எழுத்தில் கொண்டுவரத் தலைமைக்கு உதவும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மூன்று வழிகளைப் பரிசீலித்தோம்: வெளி ஆலோசகரிடம் எழுதக் கொடுப்பது, ஊழியர்கள் அனைவரையும் கூட்டிப் பேசி உருவாக்குவது, விடாமல் கேள்வி கேட்கும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தலைவரே எழுதுவது. நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. என் சாய்வும் அதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆலோசகரின் பலம் எல்லாரும் அறிந்ததுதான். மொழி செம்மையாக இருக்கும், வேலை குறித்த காலத்தில் முடியும், உள்ளே யாரிடமும் சொல்லத் தயங்குவதை ஊழியர்கள் வெளியாளிடம் மனம்விட்டுச் சொல்வார்கள். ஆனால் இப்படி வரும் எழுத்தில் பெரும்பாலும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் சொற்களே மிஞ்சுகின்றன. யார் எழுதினாலும் இந்த ஆபத்து உண்டு. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு என்ற நான்கையும் தன் விழுமியங்களாக அறிவித்திருந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அந்த நான்கு சொற்களில் ஒன்றுகூட எந்த முடிவையும் எடுக்கவிடாமல் தடுக்கவில்லை.

இரண்டாவது வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2003இல் ஐபிஎம் தன் ஊழியர்களை 72 மணி நேர இணைய விவாதத்துக்கு அழைத்து, நிறுவனத்தின் விழுமியங்கள் எவையாக இருக்க வேண்டும் என்று கேட்டது. கடுமையான விமர்சனங்கள் வந்தபோதும் அப்போதைய தலைமை நிர்வாகி சாம் பால்மிசானோ விவாதத்தை நிறுத்தவில்லை. வந்து குவிந்த கருத்துகள் பின்னர் மூன்று விழுமியங்களாகச் சுருங்கின. ‘இது நாங்கள் சொன்னது’ என்ற உரிமையுணர்வை இதைவிட நன்றாக வேறு எந்த வழியும் தராது. சிக்கல் அந்தச் சுருக்கும் வேலையில்தான் இருக்கிறது. நூறு பேர் சொன்னதில் தொண்ணூறை ஒதுக்கும் துணிவு தலைமைக்கு வேண்டும்; அது இல்லாத இடத்தில் எல்லாருடைய வாக்கியமும் உள்ளே நுழைந்து, யாருக்கும் எதையும் மறுக்காத ஓர் அறிக்கை வந்து சேரும்.

மூன்றாவது வழியில் நாங்கள் செய்தது இதுதான். சென்ற ஆண்டு எந்த வாய்ப்பை மறுத்தோம், ஏன்? எந்த வாடிக்கையாளர் விலகினால் உண்மையில் வருந்துவோம்? ஒரு குழுத்தலைவர் உங்களைக் கேட்காமலே எதற்கெல்லாம் ‘முடியாது’ என்று சொல்லலாம்? இத்தகைய கேள்விகளுக்குத் தலைவர் பேசுவார், நான் குறித்துக்கொள்வேன், பிறகு அவரே முழு வாக்கியங்களில் எழுதுவார். குறிப்புப் புள்ளிகளாக எழுதக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் படவில்லைகளை (பவர்பாயின்ட்) நிறுத்தி, தொடர் உரைநடையில் எழுதிய குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். அதன் காரணம் எழுதிப் பார்க்கும் எவருக்கும் புரியும். ‘ஆகவே’, ‘இருந்தபோதிலும்’, ‘இது நடந்தால் மட்டுமே’ போன்ற இணைப்புகளில்தான் ஒரு நிறுவனத்தின் தர்க்கம் இருக்கிறது. புள்ளிகளாக எழுதும்போது முதலில் காணாமல் போவதும் அந்த இணைப்புகள்தான்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு குழுத்தலைவரும் மற்றவரைக் கலந்துகொள்ளாமல், இந்த எழுத்தின்படி தன் குழு இனி எதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். அப்பத்திகளை வரிசையாக வைத்து வாசித்தபோது, தலைவருக்கு வெளிப்படையாகத் தோன்றிய ஒரு வாக்கியத்தை இரண்டு குழுக்கள் நேரெதிராகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்த வாக்கியம் திருத்தி எழுதப்பட்டது. குழுக்கள் ஒன்றுபடத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆயினும் எங்கள் தேர்வைத் தீர்மானித்தது எழுதும் முறையைவிடப் பராமரிப்பே. கதை எழுதிய நாளில் எல்லா வழிகளும் நன்றாகத்தான் தெரியும். ஒரு தயாரிப்பு கைவிடப்படும்போதும், சந்தை மாறும்போதும், எழுதிய காலத்தில் இல்லாதவர்கள் ஊழியர்களில் பாதியாகிவிடும்போதும் அதை யார் திருத்துவார்? தோற்றுப்போனால்தான் கதை பழசாகும் என்றும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணினி என்பது 1975இல் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் தொடக்ககால இலக்கு. வளர்ந்த நாடுகளில் அது பெரும்பாலும் நிறைவேறிவிட்டதால்தான் அதற்கு வழிகாட்டும் வலு இல்லாமல் போனது. 2014இல் அதன் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற சத்யா நாதெல்லா, உலகின் ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு நிறுவனமும் மேலும் சாதிக்கத் துணைநிற்பது என்ற புதிய நோக்கத்தை அடுத்த ஆண்டு முன்வைத்தார்.

ஆலோசகர் எழுதியதைத் திருத்துவதென்றால் மறுபடி ஓர் ஒப்பந்தம், மறுபடி ஒரு செலவு. ஆகவே யாரும் அதைத் தொடுவதில்லை. கூட்டு அமர்வில் பிறந்ததைத் திருத்த எல்லாரையும் மறுபடி கூட்ட வேண்டும். அதோடு, ஒவ்வொரு சொற்றொடரையும் விட்டுக்கொடுக்காமல் காக்க ஒருவர் இருப்பார். தானே எழுதிய தலைவருக்கோ எந்த வாக்கியம் எந்தக் காரணத்துக்காக உள்ளே வந்தது என்பது தெரியும். காரணம் மறைந்ததும் வாக்கியத்தை எடுத்துவிட முடியும். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அது எழுதப்பட்ட தேதியையும், எந்த முடிவையொட்டி எழுதப்பட்டது என்பதையும் குறித்து வைக்கிறோம். காலாண்டுக்கு ஒருமுறை, அந்தக் காலாண்டில் எடுத்த பெரிய முடிவுகளோடு சேர்த்து அதை வாசிக்கிறோம். பெரும்பாலும் ஒரு பத்திக்கு மேல் மாறுவதில்லை.

இத்தகைய பராமரிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நல்ல சான்று. அதன் கொள்கை ஆவணத்தை அப்போதைய தலைவர் ராபர்ட் வுட் ஜான்சன் 1943இல் எழுதினார். 1970களில் நிறுவனத் தலைமையில் இருந்த ஜேம்ஸ் பர்க், மேலாளர்களைக் கூட்டி, இதை நம்புகிறீர்களா, இல்லையென்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று வாதிட வைத்தார். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் அந்நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலினாலின் சயனைடு கலக்கப்பட்ட கேப்சூல்களால் ஏழு பேர் இறந்தபோது, அந்நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. நோயாளிகளுக்கும் தாய்மார்களுக்குமான பொறுப்பைப் பங்குதாரர்களுக்கு முன்னால் வைத்த ஆவணம் அது. நாற்பது ஆண்டுப் பழமையான ஓர் எழுத்து அந்த நேரத்தில் கைகொடுத்ததற்கு, இடையில் அது திறந்து விவாதிக்கப்பட்டதே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது வழியின் பலவீனம் தலைவர் மாறும்போது தெரியும். எங்களிடம் இன்னும் தலைமை மாறவில்லை என்பதால் இதை அனுபவத்தால் சொல்லவில்லை. புதியவர் அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதினாலன்றி அந்த எழுத்து அவருடையதாகாது என்றே நினைக்கிறேன். குழுத்தலைவர்கள் அனைவரும் ஒரே அறையில் அமரக்கூடிய அளவுள்ள நிறுவனம் எங்களுடையது. பல நாடுகளில், பல மொழிகளில் இயங்கும் நிறுவனத்துக்கு இதோடு கூட்டு அமர்வையும் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி கேட்பவர் தலைவருக்குக் கீழே பணிபுரிபவராக இருந்து, சங்கடமான கேள்விகளைத் தவிர்ப்பார் என்று தோன்றினால், அந்த இருக்கைக்கு வெளி ஆலோசகரை அமர்த்தலாம். ஆனால் எழுதும் வேலையை அவரிடம் கொடுக்காமல், கேட்கும் வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அடுத்த திருத்தம் எந்தத் தேதியில், யாருடைய கையால் நடக்கும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது நல்லது.