இட்டாமாவா, கபயேலா? பாளையங்கோட்டையில் ஓயாத ஒரு வழக்கு

ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர் டில்லியன் வைட்டை நாக் அவுட் செய்ய அந்தோணி ஜோஷுவாவுக்கு ஏழு ரவுண்டு ஆனது. பவெட்கினுக்கு ஐந்து, டைசன் ஃப்யூரிக்கு ஆறு. மோசஸ் இட்டாமா 2025 ஆகஸ்ட் 16 அன்று ரியாத்தில் அதே வைட்டை முதல் ரவுண்டிலேயே கிடத்திவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பையனுக்கு வயது இருபது.

அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகக் கிடக்கிறோம். மொத்தமே ஒரு டீக்கடை பெஞ்சில் அடங்குகிற கூட்டம்தான் என்பது வேறு விஷயம். வடசென்னை மாதிரி தலைமுறை தலைமுறையாக கிளவுஸ் மாட்டிய ஊர் இல்லை இது; இந்தப் பக்கம் கபடிக்கும் சிலம்பத்துக்கும்தான் ஆள் கூடும். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

“அண்ணாச்சி, இன்னும் என்னதான் வேணுங்கிய? ரெண்டு நிமிசத்துல சோலிய முடிச்சாம்லா!” என்பான் வண்ணார்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி.

“ஏலே, முடிச்சது இருக்கட்டும். யாரை முடிச்சான், அதைச் சொல்லு. முப்பத்தேழு வயசு ஆளு. அவன் நல்லா இருந்த காலத்துல நீ பள்ளிக்கூடத்துல இருந்த” என்பார் அண்ணாச்சி.

இந்த இரண்டு வாக்கியத்துக்குள் மொத்த வழக்கும் இருக்கிறது. இட்டாமாவைச் சுற்றி எழும் கூச்சல் நியாயமானதா? அதே காலத்தில் சத்தமில்லாமல் மேலே வந்த ஜெர்மனிக்காரர் ஆகித் கபயேலுக்கு ஏன் அதில் கால்வாசிகூட இல்லை? உலகச் சாம்பியன் ஒலெக்சாண்டர் உசிக்கின் எதிரே நிற்கும் தகுதி இவர்களில் யாருக்கு? 2025 முடிய நடந்ததை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். ஃபேபியோ வார்ட்லியையும் சேர்க்கச் சொன்னார்கள். ஜோசப் பார்க்கரை 11-ஆவது ரவுண்டில் நிறுத்தி, பிறகு டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் உலகப் பட்டமே கைக்கு வந்துவிட்ட ஆள் அவர். சவால் விடுகிறவர்களின் வரிசையில் அவருக்கு இனி வேலை இல்லை, விட்டுவிடலாம்.

முதலில் தம்பியின் கட்சி. இட்டாமா ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வளர்ந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா ஸ்லோவாக்கியர். 2022-இல் இளையோர் உலகச் சாம்பியன். 2023 ஜனவரியில் தொழில்முறைக்கு வந்து, வைட் சண்டை வரை 13 சண்டை, 13 வெற்றி, 11 நாக் அவுட். இடது கைக்காரர். இந்த எடையில் இவ்வளவு வேகமான கைகளைப் பார்ப்பது அபூர்வம். மற்ற பெரிய உடம்புக்காரர்கள் ஒரு குத்து விட்டு, அதன் பலனைப் பார்த்துவிட்டு, அடுத்ததை யோசிப்பார்கள். இவர் முதல் குத்து விழும்போதே மூன்றாவதற்குக் காலை மாற்றி வைத்துவிடுகிறார். எதிராளி திருப்பி அடிக்கும்போது அந்த இடத்தில் ஆள் இருப்பதில்லை.

கையைப் பார்க்கிற கூட்டம் காலைப் பார்ப்பதில்லை என்பது என் மனத்தாங்கல். இட்டாமாவின் காணொளியைச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் ஒருமுறை பாருங்கள். அவசரமே இருக்காது. இருபது வயதில் அந்த நிதானம்தான் எனக்கு அந்த நாக் அவுட்டுகளைவிடப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் தம்பி சொல்வான், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டெம்சி மெக்கீனை வீழ்த்த இன்னொரு முன்னணி ஹெவிவெயிட்டான ஹெர்கோவிச்சுக்கு 2023-இல் 12-ஆவது ரவுண்டு வரை தேவைப்பட்டது. 2024 டிசம்பரில் இட்டாமாவுக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. போலந்தின் மரியுஷ் வாக், 2012-இல் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு 12 ரவுண்டும் நின்று வாங்கிய ஆள். இட்டாமாவிடம் இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை.

சரி. ஆனால் அந்த மரியுஷ் வாக்குக்கு இட்டாமாவோடு மோதும்போது வயது 44. இங்கேதான் அண்ணாச்சி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்.

அவருடைய ஆயுதம் ஜெர்ரி கூனி. 1981 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கென் நார்ட்டனை 54 விநாடியில் சாய்த்தவர். நார்ட்டன் என்றால் சாதாரண ஆள் இல்லை. முகமது அலியின் தாடையை உடைத்தவர். உலகமே கூனிதான் அடுத்த சாம்பியன் என்றது. அந்த நாளில் நார்ட்டனின் வயது? முப்பத்தேழு. வைட்டின் அதே வயது. அடுத்த ஆண்டு ஜூனில் கூனி 25 சண்டை தோற்காத கணக்கோடு அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். 13-ஆவது ரவுண்டில் முடிந்தது கதை. இத்தனைக்கும் கூனி கோழை இல்லை, குத்தும் பலமானதுதான். அத்தனை நீளமான சண்டைக்கு அவரை யாரும் அதுவரை இழுத்துப் போகவில்லை, அவ்வளவுதான்.

கபடியில் முதல் ரெய்டிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருகிற பையனுக்குக் கைதட்டு தானாக விழும். இரண்டாம் பாதியில், நுரையீரல் எரிகிற நேரத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது அவன் கோட்டைத் தாண்டிப் போகிறானா என்று பார்த்த பிறகுதான் ஊர் அணியில் சேர்ப்பார்கள். இட்டாமாவின் இரண்டாம் பாதியை யாரும் பார்த்ததில்லை. அந்த 13 சண்டையில் இரண்டுதான் புள்ளிக்கணக்கு வரை போனவை, இரண்டும் ஆறு ரவுண்டுச் சண்டைகள். ஏழாவது ரவுண்டு மணி அடித்து அவர் நாற்காலியிலிருந்து எழுந்ததே இல்லை.

இட்டாமாவை மைக் டைசனோடு ஒப்பிடுகிறார்களே, அது இந்த இடத்தில்தான் உடைகிறது. 1986 நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி, இருபது வயது நாலு மாதத்தில் மைக் டைசன் சாம்பியன் ஆனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். 1985 மார்ச்சில் தொடங்கி 21 மாதத்துக்குள் 27 சண்டை. அதில் இரண்டு மட்டும் நாக் அவுட் இல்லாமல் முடிந்தன: ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன். இரண்டும் பத்து ரவுண்டு, இரண்டும் 1986 மே மாதம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக. விழாத ஆளை எப்படிச் சமாளிப்பது, கட்டிப் பிடிக்கிறவனை எப்படி உதறுவது, மூச்சு வாங்கும்போது எப்படி ஜெயிப்பது என்று அந்த இருபது ரவுண்டில் டைசன் கற்றுக்கொண்டது பெர்பிக் நாளில் யார் கண்ணுக்கும் படவில்லை. இட்டாமாவுக்கு இரண்டரை வருடத்தில் கிடைத்தது 13 சண்டைதான். குறை பையன் மீது இல்லை, காலம் அப்படி. வருடத்துக்கு 15 சண்டை போடுகிற வழக்கம் போயே போய்விட்டது.

இப்போது கபயேல். ஜெர்மனியில் பிறந்த குர்து குடும்பத்துப் பிள்ளை. 1992-இல் பிறந்தவர், ஆகவே இளம் புயல் என்று போஸ்டர் அடிக்க முடியாது. 2017-இலேயே டெரெக் சிசோராவைப் புள்ளியில் வென்றவர், ஆனால் அதன்பின் சில ஆண்டுகள் பெரிய பெயர் எதுவும் எதிரே வரவில்லை. உடம்பைப் பார்த்தால் ஜிம் விளம்பரத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாக் அவுட் காணொளியும் ஓடாது, ஏனென்றால் அவர் அடிப்பது வயிற்றில்.

வயிற்றில் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலையில் வாங்கியவனுக்கு விழுந்ததே தெரியாது. விலாவிலோ நெஞ்சுக்குழியிலோ சரியாக வாங்கியவனுக்கு எல்லாம் தெரியும். புத்தி தெளிவாக இருக்கும், மூச்சு மட்டும் வராது. அடி விழுந்து அரை விநாடி நின்றுகொண்டிருப்பான், முகம் சுருங்கும், பிறகு தானாகவே மண்டி போடுவான். டிவியில் பார்க்க அது நாக் அவுட் மாதிரியே இருக்காது. “எழுந்திருக்க மாட்டேங்கான், நடிக்கான்” என்று தம்பி கத்தியது இப்படி ஒரு அடிக்குத்தான்.

அந்த அடியால் கபயேல் யாரைச் சாய்த்தார் என்று பாருங்கள். 2023 டிசம்பர், அர்ஸ்லான்பெக் மக்முதோவ்: அதுவரை தோற்காதவர், 18 வெற்றியில் 17 நாக் அவுட். நான்காவது ரவுண்டில் முடிந்தது. 2024 மே, ஃபிராங்க் சான்செஸ்: அவரும் தோற்காதவர். ஏழாவது ரவுண்டு. இரண்டு முறையும் கபயேல்தான் தோற்பார் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. 2025 பிப்ரவரி, ஜாங் ஜிலெய்: ஜோ ஜாய்ஸை இரண்டு முறையும் டியான்டே வைல்டரை ஒரு முறையும் சாய்த்த சீன மலை. ஐந்தாவது ரவுண்டில் ஜாங்கின் இடது கை பட்டு கபயேல் தரையில் விழுந்தார். எழுந்தார். ஆறாவது ரவுண்டில் ஜாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். டபிள்யூ.பி.சி. என்ற அமைப்பின் இடைக்காலப் பட்டம், அதாவது சாம்பியனோடு மோதும் வரிசையில் முன்னால் நிறுத்துகிற பட்டம், கபயேலுக்கு. கணக்கு 26 சண்டை, 26 வெற்றி.

தம்பி விடவில்லை. “ஜாங்குக்கு மட்டும் என்ன வயசு அண்ணாச்சி? நாப்பத்தொண்ணு! அது மட்டும் கணக்குல வராதோ?” வரத்தான் வேண்டும். நேர்மையாகச் சொன்னால் கபயேலின் மூன்றில் ஒன்று வயதான ஆள். ஆனால் மற்ற இரண்டும் தோல்வி காணாமல் வந்தவர்கள், அவரைத் தாண்டி மேலே போகலாம் என்று நினைத்து வந்தவர்கள். இட்டாமாவின் 13-இல் அப்படிப்பட்ட பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. அதோடு ஜாங் இடது கைக்காரர், உசிக்கும் இடது கைக்காரர். இடது கைக்காரன் எதிரே நிற்கும்போது வலது கைக்காரனுக்கு அவன் வயிற்றுக்கு நேராக வலது கை போகிற வழி திறந்து கிடக்கும், கால் வைக்கத் தெரிந்தால். கபயேலுக்குத் தெரியும் என்று ஜாங்கிடம் கேட்டால் சொல்வார்.

அதனால் என் தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் பிடிக்காத ஒன்று. இட்டாமாவைப் பற்றிய பேச்சு நியாயம். வேகத்தையும் நிதானத்தையும் பார்த்துத்தான் பேசுகிறார்கள், பொய்யாக ஊதவில்லை. ஆனால் பேச்சு வேறு, வரிசை வேறு. 2025 முடிவில் உசிக் முன்னால் நிற்கிற உரிமை கபயேலுடையது. சத்தம் யாருக்கு அதிகமோ அவனுக்கே வாய்ப்பு என்று போனால் இன்னொரு கூனியைத்தான் பார்ப்போம். இட்டாமாவுக்கு இப்போது தேவை பட்டம் இல்லை, சாகாமல் எட்டு ரவுண்டு நிற்கிற ஒரு பிடிவாதக்காரன். அப்படி ஒருவனை எதிரே விட அவருடைய ஆட்களுக்கு மனசு வருமா என்பது தனிக் கேள்வி. விளம்பரம் நன்றாக ஓடும்போது யாருக்குத்தான் வரும்?

இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதினால் என்ற கேள்விக்கு மட்டும் அண்ணாச்சி மழுப்புகிறார். நான் மழுப்பவில்லை: மூன்று ரவுண்டுக்குள் முடிந்தால் இட்டாமா, ஐந்தாவது ரவுண்டு மணி அடித்துவிட்டால் கபயேல். “அதெல்லாம் கிடையாது, ஒரே பேரைச் சொல்லுங்க” என்கிறான் தம்பி. சரி, கபயேல். தோற்றவர் செலவில் எல்லோருக்கும் பரோட்டா என்று பேசியிருக்கிறோம். அல்வாவைப் பந்தயம் கட்டினால் இந்த ஊரில் எவனும் மதிக்க மாட்டான்.