ஏபிஎம் இல்லாத ஆறு ஆண்டுகள்

சென்ற மாதம் பினாங்கின் கொம்தார் அருகிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையில், 2002ஆம் ஆண்டில் வாங்கிய என் மடிக்கணினியின் பேட்டரிக்குப் புதிய செல்கள் போட்டு வாங்கி வந்தேன். செய்தி எப்படியோ அக்காள் மகனுக்கு எட்டிவிட்டது. அவனும் அதே காலத்து மடிக்கணினி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, அதற்கென்று லினக்ஸ் கெர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் உட்கருவை, மூல நிரலிலிருந்து தானே தொகுத்துக்கொண்டிருக்கிறான். "மாமா, ஏபிஎம்மை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா?" என்று கேட்டான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அதை எடுத்துவிட்டவன் என்ற முறையில் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள்கள் ஆகியும் என்னால் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை.

ஏபிஎம் என்பது இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992இல் வெளியிட்ட மின் மேலாண்மை ஏற்பாடு. அதன் கடைசிப் பதிப்பான 1.2 வெளிவந்த 1996ஆம் ஆண்டின் இறுதியிலேயே, தோஷிபாவும் சேர்ந்துகொள்ள, அதற்கு மாற்றான ஏசிபிஐ வந்துவிட்டது. முன்னதில் முடிவெடுப்பது பயோஸ், அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்; பின்னதில் இயங்குதளம். விண்டோஸ் விஸ்டா ஏபிஎம்மை அடியோடு கைவிட்டது. லினக்ஸில் மட்டும், பழைய இன்டெல் வகைக் கணினிகளுக்கான 32 பிட் (எக்ஸ்86) கெர்னலின் ஒரு மூலையில் அது இன்னும் குடியிருக்கிறது. 64 பிட் கெர்னலால் அந்தப் பழைய பயோஸ் வாயிலை அழைக்கவே முடியாது என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என் மடிக்கணினியின் பயோஸ் இரண்டுக்கும் இடம் கொடுப்பது. வாங்கிய காலத்தில் ஏசிபிஐயை நிறுத்திவிட்டு ஏபிஎம்மில் ஓட்டுவதே பத்திரமானது என்று எல்லோரும் சொன்னார்கள்; நானும் அப்படியே ஓட்டினேன். அதில் ஒரே ஒரு குறை இருந்தது, அந்த ஒன்றே பல ஆண்டுகள் என் பொறுமையைத் தின்றது. இரவில் எழுதிக்கொண்டிருக்கும்போது நாதஸ்வர ஒலிப்பதிவு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். வித்துவான் ஒரு நீண்ட கார்வையில் நிற்பார். சரியாக அந்த இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டும். சுட்டியின் அம்புக்குறியும் அதே கணத்தில் உறைந்து விடுபடும். இசைத்தட்டைப் பழித்தேன், ஒலி அட்டையைப் பழித்தேன், கடைசியில் திரையின் மூலையில் இருந்த பேட்டரிக் குறிகாட்டிதான் காரணம் என்று கண்டுபிடித்தேன்.

அந்தக் குறிகாட்டி பேட்டரி நிலையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெர்னல் பயோஸை அழைக்கிறது. பயோஸ் தாறுமாறாக நடந்துகொண்டால் சேதம் குறையட்டும் என்று, அந்த அழைப்பு முடியும்வரை ஒலி அட்டை போன்ற வன்பொருள்கள் கவனம் கேட்டு அனுப்பும் குறுக்கீடுகளைக் கெர்னல் அடைத்து வைக்கிறது. பயோஸ் மெத்தனமாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒலி அட்டையிடம் சேமிப்பில் இருந்தது தீர்ந்துவிடுகிறது. குறுக்கீடுகளை அனுமதிக்க ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கியதும் என் மடிக்கணினி இரண்டு முறை அப்படியே நின்றுபோனது. குறிகாட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கச் சொன்னேன். பிறகு எப்போது அறுபடும் என்று காத்திருப்பதே பெரிய வேதனையாகிவிட்டது. குறிகாட்டியையே எடுத்துப் பார்த்தேன்; ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் பேட்டரி தீர்ந்து, தட்டச்சு செய்திருந்த கோயில் கணக்கு அரை மணி நேர அளவுக்குப் போயிற்று.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏசிபிஐக்கு மாறியதும் அறுபடுவது நின்றது. அதோடு விட்டிருக்கலாம், ஏனென்றால் ஏசிபிஐ பொறுப்பேற்றுக்கொண்டால் ஏபிஎம் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதனால் வேகம் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. ஆனால் கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் பழையபடி திரும்பிவிடலாம் என்ற வசதி இருக்கும்வரை என் கை அங்கேயே நீண்டுகொண்டிருந்தது. ஆகவே கெர்னலைத் தொகுக்கும்போதே அதை வெளியே தள்ளினேன்.

தள்ளுவதற்கு முன் அந்த நிரலை ஒரு முறை முழுவதும் படித்தேன். ஒரே கோப்பு, இரண்டாயிரம் வரிகளுக்கு மேல். அதன் பின்பகுதியில், எந்த எந்த மடிக்கணினி என்ன என்ன கோளாறு செய்யும் என்று ஒரு நீண்ட பட்டியல்: எஞ்சிய நிமிடங்களைச் சொல்லும் எண்ணின் இரண்டு பைட்டுகளையும் இடம் மாற்றித் தருபவை, பேட்டரி நிலையைக் கேட்டாலே விழுந்துவிடுபவை, குறுக்கீடுகளைத் திறந்துவிட்டால்தான் உறங்கி எழுபவை. யார் யாரோ தங்கள் மேசையில் பட்ட பாட்டை ஒவ்வொரு வரியாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நிரலைக் கெர்னலிலிருந்தே நீக்கச் சொல்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது: பயோஸை அழைப்பதற்கென்றே ஒவ்வொரு மையச் செயலிக்குரிய நினைவகப் பிரிவு அட்டவணையிலும் இடம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பகுதியைத் தொடும் நிரலர், சோதித்துப் பார்க்க ஒரு வன்பொருளும் கையில் இல்லாமல், ஏதும் உடையக் கூடாதே என்று அஞ்சிக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது. டெபியன் 13, 2025இல், 32 பிட் கணினிகளுக்கான கெர்னலையே நிறுத்திவிட்டது. இந்த நிலையில் ஏபிஎம்முக்காக வாதாட யார் இருக்கிறார்கள்?

ஏசிபிஐயிடம் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. ஏபிஎம் பேட்டரியைப் பற்றி விழுக்காடும் நிமிடமும்தான் சொல்லும். ஏசிபிஐ, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் கடைசியாக நிரம்பிய கொள்ளளவையும் தனித்தனியாகக் காட்டும். புதிய செல்கள் போட்டு வந்த அன்று பார்த்தால் கடைசிக் கொள்ளளவு பாதிகூட இல்லை. கடைக்காரரிடம் சத்தம் போடச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நல்ல வேளையாக மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு முறை முழுவதும் நிரப்பி, முழுவதும் தீர்த்து, மீண்டும் நிரப்பியதும் எண் உயர்ந்துவிட்டது. பேட்டரிக்குள் இருந்த கட்டுப்பாட்டுச் சில்லு பழைய கணக்கையே நினைவில் வைத்திருந்திருக்கிறது. அந்த மனிதர் மேல் பிழையில்லை.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் இருப்பது உறக்கம். ஏபிஎம்மில் மூடியைச் சாத்தினால் பயோஸே எல்லாவற்றையும் உறங்க வைக்கும். திறந்தால் திரை அட்டை உள்படப் பயோஸே எழுப்பும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் பெர்ரிக்கு வரிசையில் நிற்கும்போது மூடி, ஏறி உட்கார்ந்ததும் திறந்தால், விட்ட வாக்கியத்தின் நடுவில் குறி துடித்துக்கொண்டிருக்கும். ஏசிபிஐயின் எஸ்3 உறக்கத்திலிருந்து எழும்போது திரை அட்டையை எழுப்புவது இயங்குதளத்தின் கடமை. என் கணினியில் இருக்கும் திரைச் சில்லுக்கு அதைச் செய்யத் தெரிந்த இயக்கியை எவரும் எழுதவில்லை. விசிறி சுழலும், எழுத்துப்பூட்டு விளக்கு எரிந்து அணையும், திரை மட்டும் கருப்பாகவே கிடக்கும். எழும்போது திரைப் பயோஸை மீண்டும் அழைக்கச் சொல்லும் தேர்வு, திரை முறையை மீட்கச் சொல்லும் தேர்வு, இரண்டையும் சேர்த்துத் தருவது என்று கையேட்டில் உள்ள எல்லாவற்றையும் முயன்றேன். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் முழுவதும் அணைத்து, முழுவதும் தொடங்குகிறேன். 2023இல் புதிய பெர்ரிகள் வந்த பின்னர் கடலைக் கடக்கும் நேரமும் குறைந்துவிட்டதால், அது தொடங்கி முடிவதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது.

மருமகனுக்கு, "எடுத்துவிடு, யோசிக்காதே; அந்த நிரலின் காலம் முடிந்துவிட்டது" என்றுதான் எழுதினேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள வேகமான கணினியில் ஏபிஎம்மைச் சேர்த்து இன்னொரு கெர்னலைத் தொகுத்து, ஏசிபிஐயை நிறுத்தும் சொல்லோடு தொடக்கப் பட்டியலில் முதலாவதாக வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பெர்ரியில் மூடியைத் திறந்தேன்; பாதியில் விட்ட வாக்கியம் அப்படியே இருந்தது. பேட்டரிக் குறிகாட்டியும் பழையபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, இன்ஜின் இரைச்சலில் அங்கே நான் நாதஸ்வரம் கேட்பதில்லை.