ஜோசோ பாதை: டீசலா, டி.சி.யா, ஏ.சி.யா?

டோக்கியோவுக்கு வடகிழக்கே, இபராக்கி மாகாணத்தில் இருக்கிறது மோரியா நிலையம். மேம்பாலத்தின் மேல் ஆறு பெட்டி சுகுபா எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். ஏறினால் அரை மணி நேரம் போல டோக்கியோவின் அகிஹபாரா. கீழே தரையில் இரண்டு பெட்டி டீசல் ரயில் காத்திருக்கும். இன்ஜின் பெட்டிக்கு அடியிலேயே இருப்பதால் நிற்கும்போதும் அதிர்வு காலில் தெரியும். கான்தோ ரயில்வேயின் ஜோசோ பாதை அதுதான். தோரிதேயிலிருந்து ஷிமொதாதே வரை 51.1 கி.மீ.; அதில் மிட்சுகைதோ வரை 17.5 கி.மீ. இரட்டைப் பாதை. தலைநகரத்தை ஒட்டி, வேலைக்குப் போகிறவர்களைச் சுமக்கும் தனியார் இரட்டைப் பாதைக்கு மேல் மின்கம்பி இல்லை என்பது ஜப்பானில் மிக அபூர்வம்.

கம்பெனியிடம் காசில்லை போல என்றுதான் முதலில் தோன்றும். காசும் ஒரு காரணம்தான். ஆனால் மூல காரணம் அதே மாகாணத்தின் காகியோகாவில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் புவிகாந்த ஆய்வகம். டோக்கியோவில் மின்சார டிராம்கள் பெருகி அளவீடுகளைக் கெடுத்ததால், 1913-இல் கண்காணிப்பு காகியோகாவுக்குப் போனது. பம்பாயிலும் இதே கதை நடந்தது. டிராமுக்குப் பயந்துதான் கொலாபாவின் காந்த அளவீடு அலிபாகுக்குப் போனது. ஜோசோ பாதை திறக்கப்பட்டதும் அதே 1913-இல்தான். சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்கும் காந்தப் புயலின் வலிமையை உலகம் கணக்கிடும் டி.எஸ்.டி. குறியீட்டுக்குத் தரவு தரும் நான்கு நிலையங்களில் காகியோகா ஒன்று. அதைக் கெடுக்கும் மின்பாதை கூடாது என்று விதியே இருக்கிறது.

ஜப்பானியத் தனியார் ரயில்களுக்குப் பழகியது 1,500 வோல்ட் டி.சி. ரயில் வாங்கும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்பும்போது கொஞ்சம் மண்ணுக்குள் கசியும். டி.சி. ஒரே திசையில் ஓடுவதால் அந்தக் கசிவு எழுப்பும் காந்தப்புலம் பூமியின் புலத்தோடு கலந்துவிடும். கருவிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. எனவே மிகச் சுலபமான வழி இங்கே அடைபட்டுவிட்டது.

ஏ.சி. நொடிக்கு 50 முறை போய் வருவதால் அந்தப் பாதிப்பு சராசரியில் கரைந்துவிடும். சுகுபா எக்ஸ்பிரஸ் 2005-இல் இந்த வழியைத்தான் எடுத்தது: அகிஹபாராவிலிருந்து மோரியா வரை டி.சி., அதற்கப்புறம் சுகுபா வரை 20,000 வோல்ட் ஏ.சி. ஜப்பானின் பெரிய ரயில் குழுமமான ஜே.ஆரின் ஜோபன் பாதையும் தோரிதேயைத் தாண்டியதும் அப்படியே மாறுகிறது. நடுவே மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டு வரும். ரயில் ஓடிவந்த வேகத்திலேயே அதைக் கடக்கும். பழைய ஜோபன் ரயில்களில் அந்த இடத்தில் விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரியும். இதற்கெல்லாம் விலை உண்டு. மின்மாற்றியையும், ஏ.சி.யை டி.சி.யாக்கும் திருத்தியையும் ஒவ்வொரு ரயிலும் சுமக்க வேண்டும், உயர் அழுத்தக் கம்பிக்குப் பாலங்களுக்கு அடியில் கூடுதல் இடைவெளி வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் பாதை அந்தச் செலவைத் தாங்கும். மிட்சுகைதோவுக்கு வடக்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஒற்றைப் பெட்டி ஓடும் பாதை எப்படித் தாங்கும்?

அதனால்தான் டீசலில் நின்றது தவறில்லை என்கிறேன். ஓட்டுநர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார், கூட்டத்துக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ பெட்டி போட்டால் போதும், கம்பி பராமரிக்கும் வேலையே இல்லை. சுகுபா எக்ஸ்பிரஸ் வந்ததும் தோரிதே வழியாக டோக்கியோவின் உவேனோ போய்வந்தவர்களில் பலர் மோரியாவிலேயே இறங்கி அதற்கு மாறத் தொடங்கினார்கள்; அந்த அளவுக்குக் கம்பெனியின் வருமானம் குறைந்தது. அதற்கு முன்பே கம்பிக்காகக் கடன் வாங்கியிருந்தால் இந்தச் சிறிய கம்பெனி என்ன ஆகியிருக்கும்! டீசலின் குறைகளை நான் மறைக்கவில்லை. நிலையங்கள் அடுத்தடுத்து வரும் பாதையில் மின்ரயில் கிளம்பும் வேகம் இதற்கு வராது. சத்தமும் புகையும் வேறு.

சரி, இனி என்ன? நான் ஆசையோடு பார்ப்பது பேட்டரி ரயிலை. அகிதா மாகாணத்தின் ஓகா பாதையில் 2017 முதல் ஜே.ஆர். ஓட்டுகிறது. கம்பி இருக்கும் இடத்தில் ஏ.சி.யில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, கம்பியில்லாத 26 கி.மீ.யைப் பேட்டரியில் கடக்கிறது. ஜோசோவின் வடமுனையான ஷிமொதாதேயில் ஜே.ஆர். மிதோ பாதையின் ஏ.சி. கம்பி ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து மிட்சுகைதோ 33 கி.மீ. சொச்சம்; ஓகாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.