வார்டுக்கே வந்து கையெழுத்து கேட்பவனிடம் ஏமாறாதீர்கள் (பினாங்கு)

போன ஞாயிறு மச்சான் மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மோட்டாரில் விழுந்து தோள்பட்டை உடைந்து படுத்திருக்கிறான். தலையணைப் பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்டு. எடுத்துப் பார்த்தால், 2021-ல் எனக்கு மொட்டை போட்ட அதே விபத்துக் கேஸ் புரோக்கர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று வேலை முடிந்து பாயான் லெப்பாஸில் இருந்து பாலம் தாண்டிப் பிறை பக்கம் வந்துகொண்டிருந்தபோது, சிக்னல் போடாமல் லேன் மாறிய லோரி இடித்து வலது கால் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவன் கட்டில் பக்கத்தில் நிற்கிறான். “அண்ணே, நம்ம ஆளுங்க, நான் பாத்துக்கிறேன்.” என் பெயரும் வார்டும் அவனுக்கு யார் சொன்னது என்று கேட்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. பழம் வாங்கி வந்தான், வீட்டுக்காரியிடம் கைச்செலவுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தான், ஐசியை (அடையாள அட்டை) போட்டோ எடுத்தான், எதுவும் எழுதாத நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். “இந்த வாரமே போடலன்னா கேஸ் செத்துரும்ணே” என்று அவசரப்படுத்தினான்.

சுத்தப் பொய். தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கு வழக்குப் போட 6 வருடம் அவகாசம் இருக்கிறது. இடித்தது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம், ஆள் இறந்துபோனால் குடும்பம் 3 வருடத்துக்குள் போட வேண்டும். சட்டுப்புட்டென்று செய்ய வேண்டியது போலீஸ் ரிப்போர்ட்தான், அது 24 மணி நேரத்துக்குள்.

அடுத்த பொய்தான் என்னை அதிகம் பாதித்தது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பணம் வாங்கினால் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது என்றான், நானும் நம்பி மாசக்கணக்கில் சொக்சோவிடம் கேட்காமல் சும்மா இருந்துவிட்டேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ உண்டு, எம்சியில் (மருத்துவ விடுப்பு) இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்குப்போட்டுத் தருவார்கள். சொக்சோ சட்டத்தில் தடை இருப்பது முதலாளி மேலும் கூட வேலை செய்பவர் மேலும் வழக்குப் போடத்தான். லோரிக்காரன் மேல் தாராளமாகப் போடலாம். இதைக் கடைசியில் எனக்கு விளக்கிச் சொன்னது எங்கள் ஃபேக்டரி எச்ஆரில் இருக்கும் ஒரு அக்கா.

2023-ல் கேஸ் முடிந்தது என்று போன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்சூரன்ஸ்காரர்களோடு 62,000 வெள்ளிக்குப் பேசி முடித்திருந்தார்கள். கையில் வந்தது 31,000. அவன் கமிஷன் 30 விழுக்காடு, அதாவது 18,600. லாயர் ஃபீஸ் 6,000, பேப்பர் செலவு 2,400, அப்புறம் அந்தக் கைச்செலவு 2,000 எப்படியோ 4,000 ஆகியிருந்தது! அந்த 31,000-மும் கட்சிக்காரர் பணத்துக்கென லாயர் ஆபீஸ் வைத்திருக்கும் கிளையண்ட் அக்கவுண்டில் இருந்து வரவில்லை, அவனுடைய சொந்தக் கணக்கில் இருந்து வந்தது. அந்த லாயரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று பேசிக் கேஸ் எடுக்க 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் லாயருக்கே இடம் தரவில்லை, இடையில் வந்த புரோக்கருக்கு ஏது உரிமை? கேஸ் பிடித்துத் தர ஆள் வைப்பதும் லாயர்களுக்குத் தடைதான். என் முட்டி இன்னும் முழுசாக மடங்காது. அதற்கு ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் எடுத்திருந்தால் தொகை கூடியிருக்கலாம், யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன் என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி லோரி இன்சூரன்ஸிடம் போய் நிற்க முடியாது.

மச்சான் மகனிடம் சொன்னது இதுதான்: எதிலும் கையெழுத்துப் போடாதே, காசு வாங்காதே, மருந்து ரசீது, எம்சி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வை, நடக்க முடிந்ததும் நீயே லாயர் ஆபீசுக்குப் போ. அந்த லாயரின் பெயர் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார், ஃபீஸ் எவ்வளவு என்று எழுத்தில் கேள். லோரிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றாலும் பயப்படாதே, அதற்கென்றே மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ இருக்கிறது.

மச்சான் கோபத்தில் அந்தக் கார்டைக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். என் கேஸை நடத்திய அந்த லாயர் மேல் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்துக்குச் சத்தியப் பிரமாணத்தோடு புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்க்க வேண்டும்.