கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார்கள். போனது இரண்டாயிரம் வெள்ளி

கோலாலம்பூரில் பழைய லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள். விவகாரம் இன்னும் முடியவில்லை.

என்னுடையது 1996ஆம் ஆண்டு டிஃபெண்டர் 110, 300 டிடிஐ டீசல் எஞ்சின். மார்ச் தொடக்கத்தில் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. நம்மவர் பட்டறை, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்று ஓரிடத்தில் விட்டேன். 1,850 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதிய கிளட்ச் போட்டார்கள். இழுவை பழையபடி வந்துவிட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை கியர் கம்பியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்த அன்றே குமிழ் என் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஐந்தாம் கியர் போட்டால் கை இருக்கையின் ஓரத்தில் இடித்தது. அதைவிட மோசம், இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் சில சமயம் நேராக ஐந்தில் போய் விழும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். தொலைபேசியில் கேட்டேன். "புது கிளட்ச் அண்ணே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார் முதலாளி. கிளட்சுக்கும் கம்பியின் சாய்வுக்கும் என்ன உறவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், அடுத்த வாரம் நண்பர்களோடு ஜண்டா பாய்க் காட்டுப் பாதைக்குப் போய் வண்டியைச் சேற்றில் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சேறுதான் பிறகு எனக்காகப் பேசியது.

திரும்பப் போனபோது முதலாளி பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கியர்பாக்ஸ் போய்விட்டது. மொத்தமாகப் பிரித்துச் செய்ய வேண்டும். 6,800 வெள்ளி ஆகும்." முன்பணம் 2,000 கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து அழைத்து, தட்டில் ஒரு பித்தளை வளையத்தைக் காட்டினார். பல் மழுங்கிய சிங்க்ரோ வளையம்; கியர் மாற்றும்போது சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்குவது அதுதான். "பெட்டியைத் திறந்தோம், பாருங்கள் நிலைமையை." இன்னும் 3,000 தந்தால் உதிரிப் பாகங்களை வரவழைப்பாராம்.

நல்லவேளை, அன்று மாமாவும் கூட வந்திருந்தார். ரவாங் பக்கம் தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்தவர், லேண்ட்ரோவர்களோடு வயதானவர். அவர் வளையத்தைப் பார்க்கவே இல்லை. டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்து முதலாளியிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எண்ணெய் வடிக்கிற திருகின் மேலேயே சேறு ஓடாகக் காய்ந்து கிடக்கிறதே. எண்ணெயை வடிக்காமல், பெட்டியை இறக்காமல், உள்ளே இருக்கிற வளையத்தை எந்த வழியாக எடுத்தீர்கள்?"

"அது... மாதிரிக்குக் காட்டினோம் ஐயா, வேறு வண்டியுடையது."

வண்டியை எடுத்துக்கொண்டோம். முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் மாமா செய்ததைச் சொல்கிறேன்; இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டார். எஞ்சின் நின்றிருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் நறநறவென்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகப்படலாம் என்றார். எங்களுக்கு நறநறப்பே இல்லை, வழி தவறுவது மட்டும்தான். பிறகு ரப்பர் உறையைக் கழற்றி, மேல் கம்பியை உருவி எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் குட்டைத் தண்டைப் பிடித்து அசைத்தார். ஐந்து கியரும் ரிவர்சும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. பெட்டிக்குள் கோளாறு ஒன்றும் இல்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

குட்டைத் தண்டின் தலையில் வரி வரியாகப் பற்கள் உண்டு. வளைந்த மேல் கம்பி அதில் செருகி நிற்கிறது. கிளட்ச் வேலைக்காகக் கழற்றியவர்கள் அடையாளம் போட்டுக்கொள்ளாமல், இரண்டு பல் தள்ளிச் செருகியிருக்கிறார்கள். கம்பியைத் திருப்பிச் செருகியதும் இருக்கையில் இடிப்பது நின்றது.

மூன்றுக்குப் பதில் ஐந்து விழுவதற்குக் காரணம் வேறு. இந்த வண்டியில் இருப்பது ஆர்380 கியர்பாக்ஸ். நியூட்ரலில் விட்டால் கம்பி தானாகவே மூன்றுக்கும் நான்குக்கும் உரிய நடுக்கோட்டில் வந்து நிற்க வேண்டும். அங்கே பிடித்துவைப்பவை இரு பக்கமும் உள்ள ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, ஒரு பூட்டு நட். எங்கள் வண்டியில் ஒரு நட் கையாலேயே சுழன்றது. மாமா கம்பியை மூன்றாம் கியரில் போட்டார். ஸ்பிரிங்கின் கால்கள் கம்பியின் குறுக்கு ஊசியைத் தொடாத அளவுக்கு இரண்டு திருகுகளையும் தளர்த்தினார். ஒரு பக்கத் திருகை, கால் ஊசியை லேசாகத் தொடும்வரை இறக்கினார். மறு பக்கமும் அப்படியே. அதன் பிறகு இரண்டையும் ஒரே அளவில், கம்பியின் ஆட்டம் நிற்கும்வரை மட்டும். நட்டை இறுக்கி, நியூட்ரலில் வைத்து இடமும் வலமும் ஆட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் கம்பி நடுவுக்கே திரும்பி வந்தது. நாற்பது நிமிட வேலை. கூலி, ஒரு தேத்தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர்.

வண்டியை எங்கே விட்டாலும், விடுவதற்கு முன் ஒவ்வொரு கியரிலும் கம்பி எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்றே வந்த கோளாறு என்றால், அந்த வேலையில் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரித்துவிட்டோம் என்றால், பிரித்த நிலையில் நேரில் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். தட்டில் வரும் வளையம் யாருடைய வளையமாகவும் இருக்கலாம்.

பணத்துக்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், ஆனால் விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போய்விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த வாரமே முதலாளி 1,500 வெள்ளியை வங்கியில் போட்டுவிட்டார். மீதி 500 "சோதனைக் கட்டணம்" என்கிறார். எதைச் சோதித்தார் என்பதை நடுவர் முன்னால் சொல்லட்டும். விசாரணை அடுத்த மாதம். அதுவரை வண்டியின் அடிப்பகுதியைக் கழுவக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு.