புழு வளர்க்கும் பெட்டி வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

1,480 சிங்கப்பூர் வெள்ளி. பேநவ்ல, அதான் கைபேசியில உடனே பணம் அனுப்புற வசதியில, அனுப்பினது. வயிறு எரியுது, அதான் ஆறுறதுக்குள்ள எழுதுறேன்.

இணையச் சந்தையில விளம்பரம். பிளாக் சோல்ஜர் ஈயோட புழு வளர்க்கிற பெட்டி, சமையல் கழிவைப் போட்டா போதும், வளர்ந்த புழுவை மீன் தீவனத்துக்கு அவங்களே திரும்ப வாங்கிக்குவாங்களாம்.

தொழிற்பேட்டைக் கட்டடத்துல ஒரு யூனிட்டுக்கு வரச் சொன்னான். தமிழ்ப் பையன். "உட்காருங்க அக்கா"ன்னு மைலோ வாங்கிக் கொடுத்தான். தட்டுல இருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில வச்சான். வெளிர் மஞ்சள் புழு, சோயாக் கழிவு வாடை, கூட்டமா நெளிஞ்சதுல கதகதன்னு சூடு. சும்மா சொல்லக்கூடாது, அருமையான புழு. அப்புறம் கைபேசியை நீட்டினான்: 2024 ஜூலையில சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளைச் சாப்பிட அனுமதிச்ச செய்தி. "கவர்மெண்டே ஓகே சொல்லிடுச்சு. நம்ம ஆளுங்களை நான் ஏமாத்துவேனா அக்கா?"

அந்த 16ல வெட்டுக்கிளி இருக்கு, பட்டுப்புழு இருக்கு, இந்த ஈ கிடையவே கிடையாது! இது தீவனத்துக்கு. அந்தச் செய்திக்கும் இவன் பெட்டிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

வீட்டுக்கு வந்தது கறுத்துப்போன புழு. கூட்டுப்புழு ஆகப்போற கட்டம் அது. இனிமே தின்னாது, காய்ஞ்ச இடம் தேடி ஏறி ஓடும். ராத்திரியோட ராத்திரியா பெட்டிச் சுவர்ல ஏறி, காரிடார் தாண்டி, பக்கத்து வீட்டு மக்சிக்கோட (மலாய் அம்மா) செருப்பு ரேக்குக்குள்ள. அவங்க போட்ட சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு.

கேட்டா, "கறுப்புன்னா கொழுப்பு அதிகம், நல்லதுதான் அக்கா." அப்புறம், "ஏர்கான் காத்து பட்டிருக்கும்." காரிடார்ல ஏதுடா ஏர்கான்? அப்புறம், "பாஸ் பாத்தாம் தீவுக்குப் போயிருக்கார்." திரும்ப வாங்குற பேச்சை எடுத்தா, "அதுக்கு நிபந்தனை இருக்கு." என்ன நிபந்தனைன்னா நீல டிக் மட்டும். கடைசியில பிளாக். அக்கான்னு கூப்பிட்ட வாய்! விளம்பரம் போட்ட தளமோ, எங்களுக்கு வெளியே கட்டின பணம், பொறுப்பில்லன்னு கைகழுவிட்டாங்க. 1,480 வெள்ளிங்க!

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல ஓடல. திரும்ப வாங்குறோம்னா எழுத்துல கேளுங்க. முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீங்க. புழு கறுத்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. சந்தேகம்னா மோசடி உதவி எண் 1799க்கு அடிங்க.

போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு, சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்துக்கும் போறேன். நேத்து பார்த்தா அதே பெட்டி, அதே படம், வேற பேரு. விலையை 1,680 ஆக்கிட்டாங்க. யாராவது கட்டியிருந்தா உடனே இன்பாக்ஸ் பண்ணுங்க.