லா பொம்பொனேராவில் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? காசைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

லா பொம்பொனேரா என்பது அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸில் இருக்கிற போகா ஜூனியர்ஸ் கால்பந்து கிளப்பின் மைதானம். அங்கே நடக்கிற ஆட்டத்துக்கு "ஒரிஜினல் டிக்கெட், உங்கள் பெயரிலேயே" என்று எவராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். போகாவின் உள்ளூர் லீக் ஆட்டங்களுக்குப் பொதுவாக நம்மைப் போன்ற வெளியாட்கள் போய் வாங்க டிக்கெட் கவுண்டரே கிடையாது. இருக்கிற இடமெல்லாம் கிளப் உறுப்பினர்களுக்கு. அவர்களுக்கே போதவில்லை.

அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் எப்படி உள்ளே போகிறார்கள்? மேட்சுக்கு வராத உறுப்பினரின் அட்டையை ஏஜென்ட்கள் வாடகைக்கு எடுத்து நம் கையில் கொடுப்பார்கள். என் ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. 250 டாலர், ரொக்கமாக, முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

மைதானத்துக்கு நாலு தெரு முன்னால் வேனை நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் இருந்தவர் வெள்ளை மீசை வைத்த ஒரு தாத்தா. எனக்கு முப்பது வயது, மீசையும் கிடையாது. "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றான் கூட வந்த பையன். அர்ஜென்டினாவில் மைதானத்துக்கு வெளியிலேயே போலீஸ் அடையாள அட்டையைச் சோதிக்கிற வழக்கம் உண்டு. அதை எப்படியோ தாண்டினேன். சுழல் கதவில் அட்டையை வைத்ததும் சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாலும் அதேதான். காவலர் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம், போன் சுவிட்ச் ஆஃப். உள்ளே கொட்டும் பாட்டும் காதைப் பிளக்கிறது, நான் தெருவில்.

மறுநாள் ஏஜென்ட்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கிளப் அட்டையை முடக்கியது எங்கள் தப்பா?" என்று கையை விரித்துவிட்டார். ஈடாக மைதானத்தில் இருக்கிற கிளப் மியூசியத்துக்கு டிக்கெட் தருகிறாராம். பெரிய மனசு! அதை மைதான வாசலிலேயே யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

மியூசியத்துக்கு நானே காசு கட்டிப் போனேன், அது வேறு விஷயம். 1940இல் திறக்கப்பட்ட மைதானம். மூன்று பக்கம் கேலரி சுவர் மாதிரி செங்குத்தாக ஏறுகிறது. நாலாவது பக்கம் இடம் போதாமல் தட்டையாக, பாக்ஸ்களை (தனி அறை மாதிரியான இருக்கைகளை) மட்டும் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மரடோனா ஆடிய புல்தரையை மேலிருந்து பார்க்கலாம். மேட்ச் நாளில் போவதானால் மட்டும், அன்று மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மேட்சே பார்த்தாக வேண்டுமென்றால், யாருடைய அட்டை, வாசலில் உள்ளே விடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பணத்தை உள்ளே நுழைந்த பிறகு கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். என் ஏஜென்ட் இப்போது வேறு பெயரில், அதே வேன் படத்தோடு விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.